அறுபத்து நாலு என்று சொன்ன பெட்டி

மார்ச் 20, வியாழன்

பக்கிரி மாமா இன்று மறுபடியும் வந்துவிட்டார். வீடு கொள்ளாத அளவுக்குக் கருவாடு சேர்ந்து கிடக்கிறதாம், சென்னைக்கு அனுப்ப வேண்டுமாம், என் கம்பெனியில் ஏதாவது கன்டெய்னர் காலியாக இருந்தால் சொல்ல வேண்டுமாம். எல்லாம் அம்மாவின் வேலை. ஒரு நாள் நான் போனில் "கன்டெய்னர் ஏறவே மாட்டேங்குது" என்று கத்தியதைக் கேட்டுவிட்டு, எம் பொண்ணு கன்டெய்னர் கம்பெனியில இருக்குறா என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஈசிஆரில் நீளமான லாரி எது போனாலும் "உங்க வண்டியாடி?" என்று கேட்கிறாள்.

மாமாவுக்கு விளக்கிப் பார்த்தேன். நான் செய்கிற கன்டெய்னர் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கும் மாமா, ஒரு மெஷினுக்குள்ளே இன்னொரு மெஷின் மாதிரி என்றேன். அதில் கருவாடு வைக்க முடியாதா என்றார். முடியாது என்றேன். அப்புறம் எதற்கு அதற்குக் கன்டெய்னர் என்று பெயர் என்றார். எரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

யாருக்கும் புரியாத வேலையை இங்கேயாவது ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். உப்பளங்களில் நாங்கள் வைத்திருக்கிற மழைப் பெட்டியின் புரோகிராம் பெரும்பாலும் பைத்தான் மொழி. அது எந்த மெஷினிலும் ஓடும். மேகக் கணக்குப் போடுகிற துண்டும், சின்னத் திரையில் தமிழ் எழுத்தை வரைகிற துண்டும் மட்டும் வேகம் வேண்டும் என்பதால் சி மொழி. அதை அந்தந்த மெஷினுக்கு ஏற்றபடி மெஷின் பாஷைக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்துதான் அனுப்ப வேண்டும். ஒரு வகைக்குச் செய்தது இன்னொரு வகையில் ஏறாது. அளத்தில் வெயிலில் கிடக்கிற குட்டிப் பெட்டியிடம் நீயே கம்பைல் செய்துகொள் என்றால் சூடேறிப் பாதியில் படுத்துவிடும். அதனால் ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் ஒரு கன்டெய்னர் வைத்து, அந்தப் பெட்டியில் இருக்கிற அதே பழைய சிஸ்டத்தை அதற்குள் உட்கார வைத்து, அங்கேயே கம்பைல் செய்து, முடிந்ததை மட்டும் எடுத்து அனுப்புகிறேன்.

இதற்கு எங்கள் டீம் லீடர் கௌதமன் சார் வைத்திருக்கிற பெயர் பேக்கிங். "பேக்கிங் யுவராணி பார்த்துக்குவாங்க" — மீட்டிங்கில், எல்லார் முன்னாலும். நாங்கள் என்ன அப்பளக் கம்பெனியா நடத்துகிறோம்?

மார்ச் 22, சனி

அத்தை சாப்பாட்டுக் கூடையை மறந்து வைத்துவிட்டுப் போனதால் அளத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மங்கம்மா அத்தை அப்பாவுக்கு அக்கா, பக்கத்து வீடு. உப்பு வாருவதோடு பெட்டியைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் அவளுக்குத்தான். காலையில் போனதும் சோலார் தகட்டில் படிந்ததைத் துடைக்க வேண்டும், மூடி சரியாக இருக்கிறதா, பச்சை லைட் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். மழை வரப்போகிறதென்றால் பெட்டி சங்கு ஊதும். குவித்து வைத்த உப்பை ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடிவிடலாம். கம்பெனி அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. அளத்துப் பெண்களுக்கு அது சங்குப் பெட்டி. எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

திரையில் காலை வரி வந்தது. சூப்பர்வைசர் ராஜவேல் பெட்டி முன்னால் நின்று ரேடியோவில் செய்தி வாசிக்கிற தோரணையில் படித்தார். இன்று மழை வாய்ப்பு இல்லை, மாலையில் தென்கிழக்குக் காற்று. திரை கையகலம்தான், எழுத்து பொடி. பெண்கள் பலருக்கு அது தெரியாது, அவரும் படிக்கிற வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சகாயசெல்வி அக்கா மட்டும் முறத்தைத் தூக்கியபடி, "மழை இல்லன்றதுக்கா இவ்ளோ சவுண்டு?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அத்தை உட்பட.

நான் கம்பைல் செய்த எழுத்து அது. 'மழை'யில் வருகிற சங்கிலிக் கொம்பு இடம் மாறாமல் நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 24, திங்கள்

இடையஞ்சாவடி ஆபீஸ்.

கௌதமன் சார் என் வேலையிலிருந்து முப்பத்திரண்டு பிட் கன்டெய்னரை நீக்கிவிட்டார். பழைய பெட்டிகள் முப்பத்திரண்டு பிட், புதியவை அறுபத்து நாலு; மெஷின் ஒரு வாய்க்கு எத்தனை இலக்கம் விழுங்கும் என்கிற அளவு அது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்வதால் நேரமாகிறதாம். பழையது இன்னும் அளத்தில் இருக்கிறதே சார் என்றேன். திரையைத் திருப்பிக் காட்டினார். நீ எந்த வகை என்று கேட்டால் ஒவ்வொரு பெட்டியும் தானே பதில் சொல்லும். எல்லாப் பெட்டியும் அறுபத்து நாலு என்றுதான் சொல்லியிருந்தது. ஒன்றுகூட முப்பத்திரண்டு இல்லை.

பழைய பெட்டியின் மெமரி கார்டை அப்படியே காப்பி எடுத்துப் புதுப் பெட்டியில் போட்டோமே, எதற்கும் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு எடுக்கலாம் என்றேன். "டேட்டா பேசட்டும் யுவராணி. சென்டிமென்ட் வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

சென்டிமென்டாம். அந்தக் கன்டெய்னருக்கு நான் என்ன தாலியா கட்டியிருக்கிறேன்?

மார்ச் 28, வெள்ளி

புதுப் பதிப்பு எல்லாப் பெட்டிக்கும் போய்விட்டது. எல்லாம் பச்சை. கௌதமன் சார் குரூப்பில் கைதட்டுகிற பொம்மை போட்டார். தனக்குத் தானே.

ஏப்ரல் 12, சனி

விடியற்காலையில் நல்ல மழை. ஓட்டில் விழுந்த சத்தத்தில்தான் எழுந்தேன். சங்கு ஊதியிருக்கும், மூடியிருப்பார்கள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன்.

வெளிச்சம் வந்த பிறகு அத்தை தெப்பமாக நனைந்து வந்தாள். சங்கு ஊதவே இல்லை. பச்சை எரிஞ்சிட்டேதான் இருந்துச்சி, ஊதல, பச்சை எரிஞ்சிட்டேதான் இருந்துச்சி — இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். முதல் துளி மேலே பட்ட பிறகுதான் ஓடியிருக்கிறார்கள். ஓலை எடுத்து வருவதற்குள் குவியல்கள் கரைந்து வாய்க்காலில் இறங்கிவிட்டன. இத்தனை நாள் வாரியது. அம்மா துண்டு கொடுத்தாள். அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே தவிர துடைத்துக்கொள்ளவில்லை.

ஆபீஸ் குரூப்பில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒருத்தரும் பதில் போடவில்லை. சனிக்கிழமையாம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வடை, பாயசம். அத்தை எதையும் தொடவில்லை.

நேற்று கம்பெனி ஆட்கள் அளத்துக்கு வந்துவிட்டுப் போனார்களாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு ராஜவேல் எல்லார் முன்னாலும் அத்தையைப் பிடித்துக்கொண்டாராம். மூடியைச் சரியாகப் போடாமல் பெட்டிக்குள் உப்பு ஏறிவிட்டது, உன்னால்தான் இத்தனை பேர் உழைப்பும் தண்ணீராகப் போயிற்று, இனிமேல் வராதே என்று. கம்பெனியே சொல்லிவிட்டதாம். அத்தை பக்கத்தில் நின்ற சகாயசெல்வியைப் பார்த்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று. அவளோ, ஒழுங்காத் தொடச்சி வச்சிருந்தா ஊதியிருக்கும் இல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வேலை போனதைச் சொல்லும்போது அழாத அத்தை இதைச் சொல்லும்போது அழுதாள்.

கம்பெனி சொன்னதா? எந்த வாய்? நான் அந்தக் கம்பெனியில் இல்லையா? நான் யார் அங்கே — பேக்கிங்.

ஏப்ரல் 16, புதன்

அவர்கள் எழுதிய அறிக்கையைப் படித்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பெட்டியின் மேல் உப்புப் படிவு காணப்பட்டது. (உப்பளத்தில் உப்பில்லாமல் சர்க்கரையா படியும்?) பொறுப்பாளர் விருத்தாம்பாளைப் பெயர் சொல்லிப் பலமுறை அழைத்தும் யாரும் வரவில்லை. பொறுப்பாளர் பணியிடத்தில் இருப்பதில்லை என்று தெரிகிறது. பராமரிப்புக் குறைபாடே காரணம்.

அத்தை அப்போது அவர்கள் எதிரிலேயேதான் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்!

அம்மாவுக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சிரிப்பு. அந்தப் பெயரைச் சொன்னால் அவளுக்கே தெரியாதே என்கிறாள். நடந்தது இதுதான்: பிறந்தபோது அத்தைக்கு அவள் அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைத்திருக்கிறார்கள், விருத்தாம்பாள் என்று. ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? பெற்ற பிள்ளையைக் கூப்பிட வேண்டுமே. அதனால் பெற்றவள் மங்கம்மா என்று கூப்பிட்டாள். ஊரும் அப்படியே கூப்பிட்டது. ஆதார் கார்டில் மட்டும் விருத்தாம்பாள் தங்கிவிட்டாள். பெட்டிக்குப் பொறுப்பாளர் பெயர் எழுதும்போது கார்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

அத்தையிடம் கேட்டேன். "எனக்கின்னா தெரியும். யாரோ வேற ஊரு பொம்பளைய தேடறாங்கன்னு நெனைச்சேன். பாவம், எந்த மகராசி மாட்டிக்கினாளோன்னு நானும் சுத்தி சுத்திப் பார்த்தேன்" என்றாள்.

ராஜவேலுக்குத் தெரியாதா அந்தப் பெயர் யாருடையது என்று? பிறகுதான் தெரிந்ததாம். தெரிந்ததும் அறிக்கையைத் திருத்தச் சொல்லவில்லை, இவளைத் திட்டப் போயிருக்கிறார். நன்றாக இருக்கிறது நியாயம்.

ஏப்ரல் 17, வியாழன்

அத்தையிடம் ஆரம்பத்திலிருந்து கேட்டேன். காலையில் போனதும் என்ன செய்வாய், பெட்டி என்ன செய்யும், ராஜவேல் என்ன படிப்பார்.

"ராஜவேலு எங்கடி இப்பல்லாம் படிக்கிறான்? ஓகேன்னு இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்துதான் வருது. அதை எப்படி ரேடியோ மாதிரி படிக்கிறது?"

எப்போதிலிருந்து? பங்குனி உத்திரத்துக்கு முன்னாடியே. புதுப் பதிப்பு போன பிறகு.

தமிழை வரைவது சி துண்டு. தமிழ் வரவில்லை என்றால் சி ஏறவில்லை. சி ஏறவில்லை என்றால் மேகக் கணக்கும் பைத்தானிலேயே ஆமை வேகத்தில் ஓடியிருக்கும். மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் மழை வரும் என்று முடிவு வந்திருக்கும். அப்படியானால் சிவப்பு எரிந்திருக்க வேண்டாமா? எரியாது. சி ஏறாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பைத்தானில் ஓடு என்று எழுதி வைத்தவர் கௌதமன் சார். கஸ்டமர் கண்ணில் எரர் படக்கூடாதாம்.

ஏன் ஏறவில்லை? அறுபத்து நாலுக்குச் செய்தது அறுபத்து நாலில் ஏறாமல் எங்கே போகும்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தோன்றுகிறது. அத்தை கார்டில் விருத்தாம்பாள். அவளுக்குள்ளே விருத்தாம்பாள் என்று யாரும் கிடையாது. பெட்டியிடமும் பெயரைத்தானே கேட்டோம்? உள்ளே இருப்பது யார் என்று எவன் பார்த்தான்?

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி, லீவு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அளத்துக்குப் போனேன். ராஜவேல் தடுத்தார். நான் கம்பெனி ஆள் என்று அடையாள அட்டையைக் காட்டினேன். "நீ கன்டெய்னர் கம்பெனியில இல்ல இருக்குற?" என்றார். அம்மா, உனக்கு இருக்கிறது ஒரு நாள்.

நினைத்தது சரி. சிஸ்டத்தின் தலைப்பகுதி மட்டும் எப்போதோ தானாக அப்டேட் ஆகி அறுபத்து நாலாகிவிட்டது. மற்ற எல்லாம், பைத்தான் உட்பட, காப்பி எடுத்த பழைய கார்டில் இருந்த அதே முப்பத்திரண்டு. யார் நீ என்று கேட்டால் தலைதான் பதில் சொல்லும். அறுபத்து நாலு என்று சொல்லிவிட்டு, அறுபத்து நாலுக்கான துண்டைக் கொடுத்தால் விழுங்க முடியாமல் பேசாமல் இருந்திருக்கிறது.

பெட்டியின் உள்பக்கத்தைப் போட்டோ எடுத்தேன். ஒரு பொட்டு உப்பு இல்லை. மூடியின் ரப்பர் விளிம்பில் அத்தை தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 21, திங்கள்

கௌதமன் சாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். நல்ல வேலை என்றார். ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு, சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பிவிடுங்கள், அறிக்கையைத் தொட வேண்டாம் என்றார். அளங்களோடு ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரமாம். தப்பு எங்களுடையது என்று இப்போது சொல்ல முடியாதாம்.

அங்கே ஒரு அம்மாவுக்கு வேலை போயிருக்கிறது சார் என்றேன். அது அளத்துக்காரர்கள் முடிவு, நாம் தலையிட முடியாது என்றார். அறிக்கை எழுதும்போது மட்டும் தலையிட முடிந்ததே? இதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவும்போதுதான் வாயில் வருகிறது எல்லாம்.

ஏப்ரல் 23, புதன்

முப்பத்திரண்டு கன்டெய்னரை மறுபடி எழுப்பினேன். பில்ட், அதாவது இந்தக் கம்பைல் வேலை, நடக்கிற ஆபீஸ் மெஷின் அறுபத்து நாலு. அதற்குள் உட்கார்ந்திருக்கிற கன்டெய்னர் முழுக்க முழுக்க முப்பத்திரண்டு. ஆனால் நீ யார் என்று கேட்டால் வெளியே இருக்கிற பெரிய மெஷினின் பெயரைச் சொல்கிறது! கம்பைலரும் அதை நம்பித் தப்பாகச் செய்து கொடுக்கிறது. நாள் முழுக்க இதே. இந்த உலகத்தில் யாருக்கும் தன் பெயர் தெரியவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

ஏறிவிட்டது.

இனிமேல் பெயரைக் கேட்கவே கேட்காதபடி மாற்றிவிட்டேன், கன்டெய்னரிலும் சரி, பெட்டியிலும் சரி. உள்ளே ஓடுகிற பைத்தானைத் திறந்து அது எத்தனை பிட் என்று நேராகப் பார்த்து, அதற்கு ஏற்ற துண்டை எடுத்துக்கொள்ளும். சி ஏறவில்லை என்றால் சிவப்பு எரியும். கஸ்டமர் பார்த்தால் பார்க்கட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

அத்தை இப்போது இறால் உரிக்கப் போகிறாள். விரலெல்லாம் ஊறி வெளுத்திருக்கிறது. பெட்டியின் குறை என்ன என்று கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன், இனி ஊதும் என்று பெருமையாகச் சொன்னேன். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவள் மாதிரி.

அத்தை வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"பொட்டி சரியாயிடுச்சி. என்னை யாருடி சரின்னு சொன்னது?"

அவ்வளவுதான் சொன்னாள். ராஜவேலிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். நீ என் தம்பி மகள், நீ சொன்னால் எவள் நம்புவாள் என்றாள். அதுவும் சரிதான்.

ஏப்ரல் 30, புதன்

சரிசெய்த பதிப்பு என் கையில் இருக்கிறது. நான் அனுப்பினால்தான் போகும். அறிக்கையை மாற்றினால்தான் அனுப்புவேன் என்று உட்கார்ந்துவிட்டால் என்ன? காலையிலிருந்து இதே நினைப்பு. அவர்களுக்கு வேறு வழி கிடையாது, கன்டெய்னர் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை அங்கே.

ஆனால் தெற்கே மேகம் கறுத்துக் கிடக்கிறது. நான் பிடித்து வைத்திருக்கிற நாளில் பெய்தால் கரையப்போவது கௌதமன் சார் வீட்டு உப்பா? போன தடவை கரைந்ததும் அந்தப் பெண்கள் வாரியதுதான்.

அனுப்பத்தான் போகிறேன். வெறும் கையோடு இல்லை.

மே 2, வெள்ளி

அனுப்பிவிட்டேன். பதிப்பு 2.4. கௌதமன் சாரிடம் அனுமதி கேட்டேன், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று. பார்க்கவில்லை. பேக்கிங்தானே, ஓகே என்று பதில் போட்டார்.

நாளைக் காலை என்னோடு அளத்துக்கு வா என்று அத்தையிடம் சொன்னேன். எதற்கு என்றாள். சும்மா வா என்றேன். வரமாட்டேன் என்றாள். நானும் விடவில்லை.

மே 3, சனி

இன்று நடந்ததை ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டும்.

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பின்னால் ஒளிந்த மாதிரி வந்தாள். பெண்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி வாரிக்கொண்டிருந்தார்கள். ராஜவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திரை விழித்துக்கொண்டது. தமிழ். இத்தனை நாள் கழித்து வந்த தமிழைப் பார்த்ததும் மனுஷனுக்கு எல்லாம் மறந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, ரேடியோவைத் திறந்துவிட்டார்.

"வணக்கம். ஏப்ரல் பன்னிரண்டு அன்று சங்கு ஊதாதது பெட்டி செய்த கம்பெனியின் பிழை. பெட்டியைப் பார்த்துக்கொண்ட..."

அங்கே குரல் இறங்கியது. மீதியை முணுமுணுப்பாகப் படித்துவிட்டு அப்படியே அடுத்து இருந்த காற்று நிலவரத்துக்குத் தாவப் பார்த்தார். யாரும் வாரவில்லை, எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள்.

அத்தை என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தானை தோளில் இறங்கியிருந்தது.

"ஏம்பா ராஜவேலு, சத்தமா படி. அன்னிக்கு சத்தமாத்தானே சொன்ன?"

அவர் என்னைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். பிறகு படித்தார். சொல்லித்தான் ஆக வேண்டும், நன்றாகவே படித்தார்.

"பெட்டியைப் பார்த்துக்கொண்ட மங்கம்மா மேல் எந்தப் பிழையும் இல்லை. இன்று மழை வாய்ப்பு இல்லை."

அத்தை போய்ப் பெட்டியின் தகட்டை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கூட்டத்தில் யாரையோ தேடினாள். சகாயசெல்வி எங்கே என்று கேட்டாள். மகள் பிரசவத்துக்கு வானூர் போயிருக்கிறாளாம், வர நாளாகும் என்றார்கள். அத்தையின் முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது.

நாளையிலிருந்து வந்துடு என்று ராஜவேல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

மே 5, திங்கள்

கௌதமன் சார் போன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கடற்கரை நெடுக எல்லா அளத்துப் பெட்டியிலும் தினமும் காலையில் அந்த வரி வருகிறதாம். யார் இந்த மங்கம்மா என்று கஸ்டமர்கள் கேட்கிறார்களாம். உடனே அந்த ஒரு வரியை அழித்துவிடுங்கள் என்றார்.

அழிக்க முடியாது சார் என்றேன். பைத்தானில் இருந்தால் ஒரு நொடியில் அழிக்கலாம். இது தமிழ் வரைகிற சி துண்டுக்குள்ளேயே கம்பைல் ஆகிப் போயிருக்கிறது. எடுக்க வேண்டும் என்றால் எல்லா வகைப் பெட்டிக்கும் கன்டெய்னர் எழுப்பி, மறுபடி கம்பைல் செய்து, சோதித்து, புதுப் பதிப்பாகத்தான் அனுப்ப வேண்டும்.

"எவ்ளோ நாள் ஆகும்?" என்றார்.

"பேக்கிங்தானே சார். நீங்களே பண்ணிப் பாருங்களேன்" என்றேன்.

போனை வைத்த பிறகு வேலை போய்விடும் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். தட்டு கழுவும்போது வாயில் வருவது இந்த முறை நேரத்துக்கு வந்துவிட்டதே, அதை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

மே 6, செவ்வாய்

வேலை போகவில்லை. கன்டெய்னர் எங்கே இருக்கிறது என்று ஆபீஸில் ஒருவர் என்னையே கேட்டார்.

மே 16, வெள்ளி

விடிந்து கொஞ்ச நேரத்தில் சங்கு.

வீட்டிலிருந்தே கேட்டது. வானத்தில் ஒன்றும் தெரியவில்லை, எனக்கே சந்தேகமாக இருந்தது. டீ குடித்து முடிக்கவில்லை, கொட்டித் தீர்த்துவிட்டது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பாத்தியெல்லாம் வெள்ளம், ஆனால் குவியல்கள் ஓலைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. அத்தை நனைந்துகொண்டு பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அது மழைக்கென்றே செய்த பெட்டி, குடை வேண்டாம் அத்தை என்றேன். இருக்கட்டும், ஊதுன பொட்டியாச்சே என்றாள்.

மே 26, திங்கள்

கௌதமன் சார் அறிக்கையை மாற்றிவிட்டார். காரணம் எங்கள் மென்பொருள், பொறுப்பாளர் விருத்தாம்பாள் என்கிற மங்கம்மா பணியிடத்தில் இருந்தார், பெட்டி நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தது என்று இருக்கிறது. ஒப்பந்தமும் புதுப்பித்தாயிற்று, சங்கு ஊதியதே போதுமாம் அளத்துக்காரர்களுக்கு. முன்னாலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டேன். ஒன்றும் குறைந்திருக்காது என்று ஒப்புக்கொண்டார். இப்போதாவது அந்த வரியை எடுத்துவிடுங்களேன் என்று, முதல் தடவையாக, கேட்டுக்கொள்கிற குரலில் சொன்னார். மீட்டிங்கில் பேக்கிங் என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்தி பில்ட் என்றார்.

சரி, எடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. கன்டெய்னர்களைக்கூட ஏற்றிவிட்டேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று அத்தை வீட்டுக்குப் போனேன். தினமும் அதையே படித்து ராஜவேலுக்கு வாய் வலிக்கிறது, போதுமா அத்தை, எடுத்துடட்டுமா என்றேன்.

அத்தை வானூர் ரோடு இருக்கிற பக்கம் பார்த்தாள்.

"சகாயசெல்வி இன்னும் வரலடி. அவ வந்து ஒரு நாளு கேக்கட்டும். அப்புறம் எடு."

ஆபீஸுக்கு எழுதி அனுப்பிவிட்டேன்: பதிப்பு 2.5 தள்ளிவைக்கப்படுகிறது. வானூரில் பிரசவம்.